சொந்தக் காரணங்கள்

ரத்தத்தைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வரும் என்று எங்கள் ஊர் கிள்ளானில் இன்றும் சிலர் நம்புகிறார்கள். தாதிமைப் பயிற்சியை இரண்டாம் ஆண்டிலேயே விட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்ததற்கு அதுதான் காரணம் என்பது அவர்களுக்குத் தெரிந்த கதை. ஒரு கல்யாண வீட்டில் காலில் கண்ணாடி குத்திக்கொண்ட குழந்தையைத் தூக்கப் போனேன். மாப்பிள்ளையின் பெரியம்மா என் கையைப் பிடித்து நிறுத்தி, "நீ தள்ளிக்கம்மா, உனக்கு ஆகாது" என்றார். அப்போது நான் ஒரு கிளினிக்கில் பத்து வருடமாகப் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தேன்.

உண்மையில் என்ன நடந்தது என்பதை இரண்டு பேரைத் தவிர நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் என் பங்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்து ஒரு வருடம் கழித்துக் கோலாலம்பூரில் ஒரு பெரிய மருத்துவமனையின் பயிற்சிப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டினார். ஹாஸ்டலில் சேரும் நாளன்று அந்த லோரியிலேயே என்னைக் கூட்டிப்போனார். வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்திவிட்டு, சிலிப்பரோடு உள்ளே வர வெட்கப்பட்டு, என் பெட்டியைக் காவலாளியிடம் கொடுத்தார். "மிஸ்ஸி ஆயிட்டு வா" என்றார். எங்கள் பக்கத்தில் தாதிகளை எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

நாற்பது பேர் சேர்ந்தோம். அதில் தமிழ்ப் பெண்கள் ஏழு பேர். அறைக்கு இரண்டு பேர் என்று பிரித்ததில் எனக்குக் கிடைத்தவள் ரவாங்கைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பெண். அம்மாவும் அப்பாவும் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர்கள், எங்கள் பேச்சில் மரம் வெட்டுகிறவர்கள். அந்தத் தோட்டத்திலிருந்து தாதிமைக்கு வந்த முதல் பெண் அவள்தான். கிளம்பும்போது கோயிலில் மாலை போட்டு அனுப்பினார்களாம். அந்த மாலையிலிருந்து உதிர்ந்த நாலைந்து சாமந்தி இதழ்களை ஒரு டைரிக்குள் வைத்திருந்தாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். ஆனாலும் முதல் வாரத்திலேயே வா, போ என்று ஆகிவிட்டது.

வேலையில் அவளுக்கு நிகராக எங்கள் செட்டில் யாரும் இல்லை. படுக்கை விரிப்பின் மூலையை மடிப்பதிலிருந்து, நகர முடியாத கிழவரைப் புரட்டிப் படுக்க வைப்பது வரை, எல்லாவற்றையும் அவள் கை தானாகச் செய்தது. தோட்டத்துக் கடைக்காரரிடம் கற்றுக்கொண்ட சீனத்தில் வார்டிலிருந்த பாட்டிகளோடு பேசுவாள். சாப்பிட மறுத்தவர்கள் அவள் ஊட்டினால் சாப்பிட்டார்கள். நான் புத்தகத்தில் கெட்டிக்காரி. பரீட்சைக்கு முன்னால் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பேன், வார்டில் அவள் எனக்குச் சொல்லிக்கொடுப்பாள்.

சேர்ந்த மூன்றாவது வாரத்திலேயே ஒருத்தி போய்விட்டாள். பிறகு மாதத்துக்கு ஒருத்தி என்று ஆனது. காலையில் வகுப்புக்குப் போகும்போது ஏதாவது ஓர் அறைக்கதவு திறந்திருக்கும், உள்ளே ஒரு மெத்தை இரண்டாக மடித்துக் கட்டிலின் தலைமாட்டில் வைக்கப்பட்டிருக்கும். அந்தக் கட்டிலின் சொந்தக்காரி வீட்டுக்குப் போய்விட்டாள் என்று அதற்கு அர்த்தம். ஏன் என்று யாரும் அறிவிக்க மாட்டார்கள். ஆனால் எங்களுக்குத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் முழு வார்டையும் ஒரு முதலாண்டுப் பெண்ணின் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். ஏதாவது தவறினால் நோயாளிகளுக்கு முன்னால் நிற்க வைத்துத் திட்டுவார்கள். தீபாவளிக்கு லீவு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, முதல் நாள் மாலை பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடுவார்கள். அழுவதற்கென்று துணி அலமாரி அறை ஒன்று இருந்தது. அங்கே போனால் ஏற்கெனவே யாராவது இருப்பார்கள்.

அந்த அறையைப் பற்றி நான் பயிற்சிக் குறிப்பேட்டில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத்தான் எங்கள் டியூட்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

அவர் யாழ்ப்பாணக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஐம்பது வயது இருக்கும், கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு, மணமாகாத பெண்மணி. வகுப்பில் ஆங்கிலத்தைத் தவிர வேறு பேசமாட்டார். நாங்கள் தோட்டத்திலும் துறைமுகத்திலும் ரயில்வே லயன் வீடுகளிலும் இருந்து வந்தவர்கள், அவரைக் கண்டாலே குரல் இறங்கிவிடும். அன்று தம் அறையில் என்னை உட்கார வைத்து, டீ ஊற்றிக் கொடுத்து, முதன்முறையாகத் தமிழில் பேசினார்.

"நீர் நல்லா எழுதுறீர் பிள்ளை. உமக்குக் கண் இருக்கு" என்றார்.

என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

பெண்கள் ஏன் பயிற்சியை விட்டுப் போகிறார்கள் என்று மேலிடத்தில் கேட்கிறார்கள், ஆனால் போகிறவர்கள் எல்லாரும் கடிதத்தில் சொந்தக் காரணம் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள், தமக்கு உண்மை தெரிந்தால்தான் எதையாவது மாற்ற முடியும் என்றார். தம்மிடம் யாரும் மனம் விட்டுப் பேசமாட்டார்கள். நான் கேட்டு வந்து சொன்னால் உதவியாக இருக்கும். உளவு பார்க்கச் சொல்லவில்லை, எல்லாருடைய நன்மைக்கும்தான் என்று அவரே அழுத்திச் சொன்னார். நான் உடனே சரி என்றேன்.

அதிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை வியாழக்கிழமை பிற்பகல் அவர் அறைக்குப் போவேன். நான் சொல்லச் சொல்ல ஒரு பழுப்பு நிற நோட்டில் குறித்துக்கொள்வார். செலாயாங்கிலிருந்து வந்த ஒரு பெண், ஒரு டாக்டர் மருந்து கட்டும் அறையில் வேண்டுமென்றே மேலே உரசுகிறார் என்று என்னிடம் சொல்லி அழுதிருந்தாள். வார்டு சிஸ்டரிடம் முறையிட்டதற்கு, நீதான் தள்ளி நிற்க வேண்டும் என்று பதில் வந்ததாம். அதையும் சொன்னேன். டியூட்டர் பேனாவை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி எழுதினார். அவருக்கு மனது கஷ்டப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். என்னால் ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்ற பெருமையில் மினி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குத் திரும்புவேன். இந்த வியாழக்கிழமைகளைப் பற்றி என் அறைத் தோழியிடம் சொல்லவில்லை. நூலகம் போகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். 

இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு இரவு வேலை போட்டார்கள். ஒரு நாள் நானும் அவளும் காலையில் வேலை முடிந்து வந்து படுத்திருந்தோம். நடுப்பகல் இருக்கும். ஏதோ விழுந்த சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால், அவள் இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் தரையில் கிடந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயோரம் நுரை. வகுப்பில் படித்ததை முதல்முறையாக ஒரு மனிதர் மேல் செய்தேன். நாற்காலியைத் தள்ளினேன், தலைக்குக் கீழே தலையணையை வைத்தேன், இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண் திறந்தவள் என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாத. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு வருமாம். தோட்டத்து மருத்துவமனையில் டிரசர் என்கிற மருத்துவ உதவியாளர் ஒருவர் கொடுத்த மாத்திரையில் மூன்று வருடமாக அடங்கியிருந்தது. பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது மருத்துவப் படிவத்தில் வலிப்பு உண்டா என்ற கேள்வி இருந்தது. இல்லை என்று போடச் சொன்னவரும் அதே டிரசர்தான். ஹாஸ்டலில் அடிக்கடி அலமாரிச் சோதனை நடக்கும். மாத்திரை கையில் சிக்கிவிடும் என்ற பயத்தில் அதை ஒழுங்காக எடுக்காமல் விட்டிருக்கிறாள். இப்போது தூக்கமும் கெட்டதால் திரும்ப வந்துவிட்டது.

"இன்னும் ரெண்டு மாசம் நைட் டூட்டி இருக்கு. வார்டுல விழுந்தா மானம் போயிடும். நானே விட்டுட்டுப் போயிடறேன் லா" என்றாள்.

அவள் போய்விடுவாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. எங்களில் உண்மையான தாதி அவள் ஒருத்திதான். பகல் வேலை மட்டும் கொடுத்தால் போதும், மாத்திரையை வெளிப்படையாகச் சாப்பிட முடிந்தால் போதும். இதைச் சரிசெய்யக்கூடிய ஒரே ஆளை எனக்குத் தெரியும், அவர் என்னை நம்புகிறார். இப்படித்தான் என் புத்தி போயிற்று. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

அந்த வியாழக்கிழமை டியூட்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெயரைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் தயங்கினேன். அவர் நோட்டை மூடி மேசை ஓரமாக நகர்த்திவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"பயப்பட வேண்டாம் பிள்ளை. இது உமக்கும் எனக்கும் மட்டும்தான். அவவுக்கு நைட் டூட்டி இல்லாமல் நான் பாக்கிறன்."

நோட்டு மூடியிருந்தது. அதனால் சொன்னேன்.

சொன்ன மாதிரியே அடுத்த வாரப் பட்டியலில் அவளைப் பகல் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். காரணம் தெரியாமல் அவள் சாமிக்கு நன்றி சொன்னாள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். நன்றாகத் தூங்கினாள், மாத்திரையைப் பவுடர் டப்பாவுக்குள் வைத்துத் தவறாமல் எடுத்தாள். இரண்டு வாரம் அப்படிப் போனது.

மூன்றாவது திங்கட்கிழமை காலை, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அலுவலகத்திலிருந்து ஆள் வந்து அவளைக் கூட்டிப்போனார்கள். பத்து மணிக்கு வருவாள், பதினொன்றுக்கு வருவாள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் அறைக்குப் போனபோது அவள் சீருடைகளை மடித்துக்கொண்டிருந்தாள். திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். மெத்தையை ஏற்கெனவே மடித்து வைத்திருந்தாள்.

உள்ளே மேட்ரன், ஒரு டாக்டர், டியூட்டர் மூவரும் இருந்திருக்கிறார்கள். அவள் நிரப்பிய மருத்துவப் படிவம் மேசையில் விரித்து வைக்கப்பட்டிருந்தது. பொய்த் தகவல் கொடுத்ததாக மேலே எழுதினால் எந்த அரசாங்க வேலையும் கிடைக்காது, தானாக விலகுவதாகக் கையெழுத்துப் போட்டால் விஷயம் இதோடு முடிந்துவிடும் என்றார்களாம். கடிதத்தை அவர்களே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். சொந்தக் காரணங்களுக்காக. அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

இதையெல்லாம் என் முகத்தைப் பார்க்காமல் சொல்லி முடித்துவிட்டு, கடைசியாகத் திரும்பினாள்.

"நீதான சொன்னே?"

நல்லதுக்குத்தான் சொன்னேன் என்று ஆரம்பித்தேன். அவள் பையை இழுத்து மூடினாள். பஸ் நிறுத்தம் வரை பின்னாலேயே போனேன். பையைத் தூக்க நான் கையை வைத்தபோது என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். கோபமாகக்கூட இல்லை. வார்டில் நோயாளி பிடித்துக்கொண்டால் எப்படி விலக்குவாளோ, அப்படி.

மறுநாள் அழைப்பில்லாமலே டியூட்டர் அறைக்குப் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. ஆனாலும் தமிழில்தான் பேசினார். வலிப்பு உள்ள ஒரு பெண்ணை வார்டில் விட முடியாது, ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது.

"உங்களுக்கும் எனக்கும் மட்டும்னு சொன்னீங்களே மேடம்" என்றேன்.



"ஓம், சொன்னனான். அப்படிச் சொல்லாட்டி நீர் பேரைச் சொல்லியிருப்பீரோ?"

அவர் குரலில் ஏளனம் இல்லை, வருத்தமும் இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்ட மாணவிக்கு விளக்கம் சொல்கிற குரல்.   கதவைச் சாத்திவிட்டுப் போகும்படி சொன்னார், சாத்திவிட்டு வந்தேன்.

விஷயம் எப்படிப் பரவியது என்று தெரியாது, ஒரு வாரத்துக்குள் பரவிவிட்டது. சாப்பாட்டுக்கூடத்தில் நான் தட்டோடு போய் உட்கார்ந்தால் பேச்சு நிற்கும். செலாயாங் பெண் ஒரு நாள் குழாயடியில் என்னை நிறுத்தி, "என்னைப் பத்தியும் அங்க போய்ச் சொன்னியா?" என்று கேட்டாள். அவளையும் கூப்பிட்டு, டாக்டர்களைப் பற்றி வதந்தி பரப்பினால் நடவடிக்கை எடுப்போம் என்று எச்சரித்திருந்தார்கள். அந்த டாக்டர் அதே வார்டில்தான் இருந்தார். நான் ஆமாம் என்றேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் நான் இரண்டு மாதம் பயிற்சியில் இருந்தேன். ஏதாவது மாறும் என்று ஒரு நப்பாசை. அறிக்கையில் வார்டு நிலவரம் எல்லாம் வரும், அதைப் பார்த்து மேலே இருக்கிறவர்கள் ஏதாவது செய்வார்கள். ஒருத்தியைப் பலி கொடுத்தாலும் மற்றவர்களுக்காவது பயன்படும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த அறிக்கையை எங்கள் முன்னிலையிலேயே டியூட்டர் வாசித்தார். வெளியிலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள், மண்டபத்தில் எங்களையும் உட்கார வைத்தார்கள். பயிற்சியைப் பாதியில் விடுவதற்கான காரணங்கள் என்று திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினார். வீட்டு ஏக்கம். திருமணம். தொழிலில் ஆர்வமின்மை. உடல் தகுதிக் குறைவு. சொந்தக் காரணங்கள். சாப்பாட்டு நேரத்தில் தனியாக விடப்பட்ட முதலாண்டுப் பெண் அதில் எங்கும் இல்லை. மருந்து கட்டும் அறை இல்லை. நான் சொன்னவற்றில் ஒரு சொல்கூட இல்லை. பரிகாரம் என்று அவர் சொன்னதில் இரண்டு எனக்கு நினைவிருக்கிறது. ஒன்று, மருத்துவப் பரிசோதனையைக் கடுமையாக்க வேண்டும். இன்னொன்று, நேர்காணலில் குடும்பப் பின்னணியைக் கவனிக்க வேண்டும். தோட்டப்புறத்திலிருந்து வரும் பெண்கள் இந்தத் தொழிலின் ஒழுங்குக்குப் பழகச் சிரமப்படுகிறார்கள் என்றார். அதிகாரிகள் தலையாட்டினார்கள். எங்கள் செட்டில் மிச்சமிருந்த தமிழ்ப் பெண்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

அந்த வாரமே விலகல் கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். துணி அலமாரி அறை, பட்டியல், டாக்டர், வியாழக்கிழமைகள், எல்லாவற்றையும் எழுதினேன். அலுவலகத்தில் இருந்த மலாய்க் கிளார்க் நல்ல பெண்மணி, என்னை எப்போதும் தங்கச்சி என்று பொருள்பட 'அடிக்' என்றுதான் கூப்பிடுவார். கடிதத்தைப் படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். இதை உள்ளே கொண்டுபோனால் உன்னை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், பாதியில் விட்டால் பணம் கட்டுவதாகச் சேர்ந்தபோது உன் அப்பா போட்ட உத்தரவாதக் கையெழுத்தையும் எடுப்பார்கள், எதற்கு இந்த வம்பு என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, என்ன எழுத வேண்டும் என்பதையும் அவரே சொன்னார்.

நான் எழுதினேன். சொந்தக் காரணங்களுக்காக. என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு பக்கக் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தவள், பிறகு எங்கேயோ தொலைத்துவிட்டேன்.

அப்பா ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் உட்கார்ந்து கேட்டார், நடந்ததைச் சொன்னேன். முழுதும் கேட்டார். அவருக்குப் புரிந்தது என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம், ரத்தத்தைப் பார்த்தால் பிள்ளைக்கு மயக்கம் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகக் கேட்டது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, "நெசத்த சொன்னா ஆளுக்கு ஒரு கேள்வி கேப்பாங்கம்மா. இதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். என்னைக் காப்பாற்றுவதாகத்தான் அவர் நினைத்திருப்பார். நானும் முன்பு ஒருத்தியைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன்.

ரவாங் பஸ் பிடித்து அவளைப் பார்க்கப் போனேன். இறங்கின இடத்திலிருந்து தோட்டத்துக்குள் ஒரு மணி நேரம் நடை. அவள் அம்மா வீட்டில் இருந்தார். மகளின் சிநேகிதி என்றதும் பாயை விரித்து, டீ போட்டு, ரொட்டி எடுத்து வைத்தார். அவள் மரம் வெட்டப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வலிப்பு இருக்கிறவள் கையில் வெட்டுக்கத்தியைக் கொடுக்கத் தோட்டத்துக்கு எந்தப் படிவமும் தேவைப்படவில்லை.

"நல்லாத்தானம்மா இருந்தா. ஏன் விட்டுட்டு வந்தான்னு கேட்டா, புடிக்கலங்கறா. என்னதான் ஆச்சு? நீயாவது சொல்லேன்" என்று அந்த அம்மா கேட்டார்.

மகள் சொல்லாததை நான் சொல்ல முடியாது. அந்த ஒரு தடவையாவது வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கும் தெரியலைங்கம்மா என்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் பால் வாளியோடு வந்தாள். வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பொதுக்குழாய்ப் பக்கம் போய்க் கை கால் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். அம்மா இரண்டு முறை கூப்பிட்டார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் எழுந்து நடக்கும்வரை அவள் குழாயடியை விட்டு வரவில்லை.

அதன் பிறகு நான் சுபாங் ஜெயா பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் மூன்று வருடம் வேலை செய்தேன். கல்யாணம் ஆகி பிரிக்பீல்ட்ஸுக்குக் குடிவந்தேன். அங்கே ஒரு வயதான டாக்டரின் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கவும் புண் கட்டவும் ஆள் தேடினார்கள், சேர்ந்துகொண்டேன். பயிற்சியை ஏன் விட்டாய் என்று அவர் கேட்டபோது நான் சொன்ன பதில் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை, காய்ச்சலில் சுருண்டிருந்த ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் பழைய அறைத் தோழி கிளினிக்குக்குள் வந்தாள். கணவருக்குச் செலாயாங் மொத்த மார்க்கெட்டில் காய்கறிக் கடை. பிரிக்பீல்ட்ஸில் இருந்த நாத்தனார் வீட்டுக்கு வந்த இடத்தில் பிள்ளைக்குச் சுரம் கண்டுவிட்டது. அட்டையில் எழுதக் குழந்தையின் பெயரைக் கேட்க நிமிர்ந்தேன். இருவருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. பெயரைச் சொன்னாள், எழுதினேன். டாக்டர் பார்த்து மருந்து எழுதிக் கொடுத்தார். அதற்குள் மதிய இடைவேளை வந்துவிட்டது. அவள் போகவில்லை. குழந்தை பெஞ்சில் அவள் மடியில் தூங்கியது, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவள்தான் முதலில் பேசினாள். அன்று அந்த அறையில் டியூட்டர் ஒரு பழுப்பு நோட்டைத் திறந்து வாசித்தாராம். மாத்திரை அலமாரியில் சிக்கிவிடும் என்று பயப்படுகிறாள், வார்டில் விழுந்தால் மானம் போய்விடும் என்கிறாள். அவள் என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள். நான் எழுந்து போன பிறகு அந்த நோட்டு திறக்கப்பட்டிருக்கிறது. சேர்ந்த முதல் நாளிலிருந்தே நான் அவளைப் பற்றி ஒப்பித்து வந்திருக்கிறேன், அதற்குக் கைம்மாறாக எனக்கு நல்ல வார்டு கொடுத்தார்கள் என்றுதான் இத்தனை வருடமாக அவள் நம்பியிருந்தாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். வியாழக்கிழமைகள், டீ, மூடிய நோட்டு, கொடுத்த வாக்கு, அது பொய் என்று முகத்துக்கு நேராகச் சொல்லப்பட்டது, பிறகு நானும் விட்டுவிட்டு வந்தது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். நான் விலகிவிட்டேன் என்பது அவளுக்கு அன்றுதான் தெரியும்.

"அவங்க உன்னை ஏமாத்திட்டாங்க. சரி, புரியுது" என்றாள். பிறகு குழந்தையின் நெற்றியில் கை வைத்துச் சூடு பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா என்னைக் கேக்காமதான சொன்னே. அது அவங்க செஞ்சது இல்லல்ல."

இல்லை என்றேன்.

வலிப்பு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பெரிய மருத்துவமனையில் காட்டி மாத்திரையை மாற்றினார்களாம். ஒழுங்காக எடுப்பதால் ஏழு வருடமாக ஒரு தடவைகூட வரவில்லை என்றாள். அதைச் சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அவள் கிளம்பும் முன் என் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கூப்பிடுவாள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தத் தீபாவளிக்குக் கூப்பிட்டாள். இப்போதும் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை பேசிக்கொள்கிறோம். பிள்ளைகளின் படிப்பு, காய்கறி விலை, முழங்கால் வலி என்று பேச்சு போகும். அவள் வீட்டில் ஏதோ பிரச்சினை என்று குரலிலேயே சில சமயம் எனக்குத் தெரிந்துவிடும். நான் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை.